துளி சிந்தாத ஓட்டை

லாரியைப் பற்றி எழுதப் பௌதிக மாணவிக்கு என்ன தகுதி என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தகுதி உண்டு. அந்த லாரி உழைத்த காசில்தான் நான் படித்தேன். படித்த படிப்பைக் கொண்டு அதே லாரியை நான்கு நாள் படுக்க வைத்தவளும் நான்தான்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்த குடும்பம். தாத்தா தோல் பதனிடும் கிடங்கிலே கூலி வேலை செய்தார். அப்பா கிளீனராகத் தொடங்கி, டிரைவராகி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பழைய லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரரானார். தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டைவிட லாரி பெரியது. ஆகவே லாரி வடாலாவிலே நிற்கும். நாங்கள் தாராவியிலே இருப்போம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அந்த லாரிக்கு ஒரு நோய் வந்தது. காலையில் சுலபத்தில் உயிர் பெறாது. ஃபீட் பம்பைக் கையால் அடித்து அடித்து உசுப்பினால் ஓடும். பாரம் ஏற்றிக்கொண்டு கண்டாலா மலை ஏறும்போது மூச்சுத் திணறும். சில வேளை நடுவழியிலேயே நின்றுவிடும்.

அப்பா இரவெல்லாம் யோசனையில் இருந்தார். நான் ஒரு தடித்த ஆங்கில நூலை எடுத்துவந்து அவருக்குப் பாடம் நடத்தினேன்.

டீசல் இயந்திரத்திலே நெருப்புப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கொதிக்கும். அந்தக் கொதிக்கும் காற்றிலே எண்ணெயைப் பனிபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். இதற்கு ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்றார். 1897-இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரிலே இயக்கிக் காட்டினார். அவருடைய இயந்திரத்தில் எண்ணெயை உள்ளே ஊதிச் செலுத்தியது அழுத்திய காற்றுதான். பின்னர் 1927-இல் பாஷ் நிறுவனம் எண்ணெயை நேராக அழுத்தும் பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. பழைய வண்டிகளில் அந்தப் பம்பின் பிளன்ஜர்கள் மிக உயர்ந்த அழுத்தத்திலே எண்ணெயை நாசிலுக்குத் தள்ளுகின்றன. பிளன்ஜர் தேய்ந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காலையில் கிளம்பாது, மேட்டிலே இழுக்காது.

“இரண்டு குறியும் பொருந்துகின்றன, அப்பா. பம்பைத்தான் பிரிக்க வேண்டும்” என்றேன்.

“டேங்குப் பக்கம் ஒரு தடவை பாத்துருவோமா, தாயி?” என்றார் அப்பா.

“குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகியிருக்குமே. ஒரு துளிகூடக் கீழே இல்லையே!” என்று நான் மடக்கினேன்.

அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முப்பது ஆண்டு அனுபவத்தை ஒரு நொடியிலே ஒதுக்கிவிட்டு, அம்மாவிடம் சொன்னார்: “படிச்ச புள்ள சொல்லுது. சரியாத்தான் இருக்கும்.”

பம்பைக் கழற்றிச் செப்பனிடும் கடைக்குக் கொடுத்தோம். நான்கு நாள் ஆயிற்று. செலவு ரூ. 18,000. அது வேறு பணமன்று. தம்பியின் பாலிடெக்னிக் சேர்க்கைக்காக அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். லாரி ஓடினால் பத்து நாளில் ஈடு செய்துவிடலாம் என்று எண்ணினோம்.

லாரி ஓடியது. இரண்டே நாள். மூன்றாம் நாள் செம்பூரிலே, மாகுல் சாலைத் திருப்பத்தில் நின்றுவிட்டது. கல்லூரியிலிருந்து நேரே அங்கே ஓடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே, 1950களிலிருந்து கச்சா எண்ணெயைக் காய்ச்சி வரும் மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் சுடர் வானிலே எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் பெருகும் ஊரின் வாசலிலே எண்ணெய் கிட்டாமல் எங்கள் லாரி நின்றது.

அப்பா ஒரு மிஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர், எழுபதை எட்டியவர். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்:

“எப்ப எப்ப நிக்குது?”

“டேங்கு ரொம்பி இருக்கையில நிக்கது இல்ல, அண்ணாச்சி. பாதிக்குக் கீழ போனாத்தான் மக்கர் பண்ணுது.”

எனக்குச் சுருக்கென்றது. இந்தச் செய்தி அப்பாவிடம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, ஆகவே அவரும் சொல்லவில்லை.

மிஸ்திரி முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தார். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும். சத்தமில்லை. அடுத்து, டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினார். ஒரு கேனிலே டீசல் நிரப்பி அதை உயரத்திலே கட்டி, அதிலிருந்து வேறொரு குழாயை ஃபீட் பம்புக்குக் கொடுத்தார். பில்டரின் திருகைத் தளர்த்திக் கையால் பம்படித்தார். நுரை நுரையாக வந்தது. பிறகு தெளிந்த டீசல் வந்தது. திருகை இறுக்கிச் சாவியைத் திருப்பச் சொன்னார்.

லாரி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. அரை மணி நேரம் எப்படி முறுக்கினாலும் தடுமாறவில்லை.

“ஃபீட் பம்புலேருந்து நாசில் வரைக்கும் ஒரு குத்தமும் இல்ல. சீக்கு இந்தப் பக்கம் இருக்கு” என்று டேங்கைக் காட்டினார்.

பழைய குழாயை மீண்டும் மாட்டி, ஃபீட் பம்பின் வாயிலே மட்டும் ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இடையிலே இணைத்தார். என்னை அருகே அழைத்து, “பாரு, தாயி” என்றார். பார்த்தேன். டீசலோடு முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ரப்பர்க் குழாயைக் கழற்றி வளைத்தபோது, கிளிப்புக்கு அடியிலே மறைந்திருந்த மெல்லிய வெடிப்பு வாயைத் திறந்தது. புதுக் குழாயின் விலை ரூ. 350.

நண்பர்களே! அந்த வெடிப்பு ஏன் ஒரு துளியும் சிந்தவில்லை என்பது பௌதிகம் படித்தவர்க்கு விளங்காத புதிரன்று. ஃபீட் பம்பு எண்ணெயை இழுக்கிறது என்கிறோம். உண்மையிலே இழுப்பதில்லை; பம்பு தன் வாயிலே அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று டேங்கிலுள்ள எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. காற்றுக்கு எடை உண்டு என்று டாரிசெல்லி 17-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். அந்தக் குழாயினுள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆகவே அங்கே விழும் ஓட்டை எண்ணெயை வெளியே விடாது. காற்றை உள்ளே வாங்கும். டேங்கிலே எண்ணெய் இறங்க இறங்கப் பம்பு இன்னும் கடுமையாக உறிஞ்ச வேண்டும். காற்றும் இன்னும் மிகுதியாக நுழையும். உள்ளே சென்ற காற்றைப் பிளன்ஜர் அழுத்தினால் அது பஞ்சுபோலச் சுருங்குமேயன்றி நாசிலைத் திறக்காது. டீசல் பெருமானின் முதல் இயந்திரத்திலே எண்ணெயைச் சுமந்து சென்ற காற்று, இன்று எண்ணெயின் வழியை மறிக்கும் பகையாயிற்று.

இவை யாவும் எனக்குத் தெரியும். அதைத்தான் என் மனம் ஆறாமல் சொல்கிறேன். அதே மாதத்திலே எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடக் கலத்துக்குள் எவ்வழியே காற்று கசிகிறது என்று நாள்தோறும் தேடிக்கொண்டிருந்தவள் நான். உள்நோக்கிக் கசியும் ஓட்டையைத் தேடுவதே என் வேலை. ஆய்வுக்கூடத்திலே அறிந்த உண்மையை லாரியின் அடியிலே என்னால் அடையாளம் காண முடியவில்லை. அங்கே நான் தேடவில்லை, தீர்ப்புச் சொன்னேன்.

தம்பிக்கு அவ்வாண்டு சேர்க்கை கிடைக்கவில்லை. பணம் கட்டவேண்டிய நாள் கடந்துவிட்டது. ஓராண்டு அப்பாவோடு கிளீனராகப் போனான். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாட்டுங்காவிலே எனக்காகப் பழைய புத்தகம் ஏதேனும் கண்டால் வாங்கி வருவான். அவன் கையிலே டீசல் வாடை வீசும். நான் தலை குனிந்து வாங்கிக்கொள்வேன். இவ்வாண்டு சேர்ந்துவிட்டான். இயந்திரப் பிரிவையே கேட்டு வாங்கியிருக்கிறான்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஆறாம் நிலை விதிப்படி வரும் புது லாரிகளிலே மின்னணு மூளை இருக்கிறது. கருவியைச் செருகினால் பிழையின் எண்ணைச் சொல்லும். பழைய லாரிக்கு அந்த வாய் இல்லை. அதற்கு வாயாக இருப்பவர், அதன்மேல் அமர்ந்து ஓட்டுகிறவர். அவரைக் கேட்காமல் பம்பைப் பிரிப்பது, நோயாளியைக் கேட்காமல் வயிற்றைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

மிஸ்திரி அன்று கூலியாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது, “தொறக்கதுக்கு முந்திக் கேக்கணும், தாயி. தொறந்த பொறவு கேட்டா, கூலிதான் கேக்க முடியும்” என்றார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஆய்வுக்கூடத்திலே எந்தக் கருவி பழுதானாலும், அதை இயக்கும் உதவியாளரை முதலில் அழைத்து, “எப்போதெல்லாம் இப்படி ஆகிறது, அண்ணா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அதன் பிறகே திருப்புளியைத் தொடுகிறேன்.