கோட்டுக்கு அப்பால்

ஓர் ஊரில் வீடு வாங்குதல் வேறு; அவ்வூரிற் குடியமர்தல் வேறு. முன்னதற்குப் பணமும் உறுதிப் பத்திரமும் போதும். பின்னதற்கு அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அவ்வறிவு ஓரிரு பருவங்களில் வாய்ப்பதன்று. தென் அவுஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைப் பகுதியிற் குடியேறிய ஆசிரியத் தம்பதியர் இருவரின் முதலாண்டு அநுபவம் இதனை நன்கு உணர்த்துகின்றது.

அடிலெயிட் மாநகரில் முப்பதாண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற அவ்விருவரும், அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 330 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குவோர்ன் என்னும் சிற்றூரைத் தமக்கு உகந்ததெனத் தெரிந்துகொண்டனர். 1878 இல் புகையிரதப் பாதையின் பொருட்டு எழுந்த ஊர் அது. கண்டத்தின் நடுப்பகுதியை நோக்கிச் சென்ற 'கான்' புகைவண்டி ஒரு காலத்தில் இவ்வழியாகவே சென்றது. 1956 இல் மலைக்கு மேற்கே புதிய பாதை அமைந்தபின் ஊரின் ஆரவாரம் அடங்கிற்று. நிலையத்துக்கு எதிரே வரிசையாக நிற்கும் பழைய கற்கட்டட விடுதிகளும், தொண்டர்கள் பேணிவரும் நீராவி வண்டிகளும் அக்காலத்தின் எச்சங்களாக இன்றும் உள்ளன.

முதல் மாதங்களில் அவர்கள் கற்றது சிக்கனம். நகரத்திற் குழாயைத் திருகியவர்கள், இங்கே தகரக் கூரையில் விழும் மழைநீரைத் தாங்கியிற் சேர்த்துக் குடிக்கப் பழகினர். அயலில் வசித்த முதியவர் ஒருவர், ஆடு வளர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர், தாங்கியின் பக்கத்தை விரல் முட்டியாற் மேலிருந்து கீழாகத் தட்டிவரும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். ஒலி எங்கே மாறுகின்றதோ அங்கே நீர் நிற்கின்றது. ஆசிரியர் அதனைக் காலைதோறும் செய்து பார்த்தார். நீர் நிறைந்திருந்தது. அவ்வாண்டு மழை நல்ல மழை.

அந்த நல்ல மழையே அவர்களைச் சோதனைக்கும் உட்படுத்திற்று. செப்ரெம்பரில் வசந்தம் வந்தபோது, ஊருக்கு வடக்கே விரியும் வில்லோக்ரா சமவெளி முழுதும் பசுமை படர்ந்து, அதன்மேல் ஊதாப் பூக்கள் கம்பளம்போற் பரந்தன. அங்கே ஒரு வேலியில், நாற்பது ஏக்கர் நிலம் விற்பனைக்கு என்னும் பலகை தொங்கிற்று. நிலத்தின் நடுவே கூரையிழந்த கல்வீடு ஒன்றும் இருந்தது. விலை அவர்களது சேமிப்பிற் பாதியை விழுங்கக்கூடியது. ஆயினும் மனைவியார் அன்றிரவே குறிப்பேட்டில் ஒலிவ மரங்களை வரிசைவரிசையாக வரைந்துவிட்டார். அயலவரிடம் யோசனை கேட்டபோது அவர் நிலத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "வாங்குமுன் வடக்கே போய் அங்குள்ள வீடுகளைப் பார்த்து வாருங்கள்" என்றார். அவ்வளவே.

அவர்கள் சென்றனர். வீதியின் இருமருங்கும் வீடுகள் இருந்தன. வீடுகளில் மனிதர் இருக்கவில்லை. செம்மையாக அடுக்கிய கற்சுவர், புகைபோக்கி, வாயிற்படி யாவும் நின்றன. கூரையும் குடும்பமும் போயிருந்தன. சிமன்ஸ்ரன் என்னும் ஊரோ இதனினும் விந்தையானது. புகையிரதம் அவ்வழியே வருமென நம்பி 1880 அளவில் அளந்து கட்டத் தொடங்கினர். பாதை வேறு வழியாகச் சென்றது. குடிபுகுமுன்னரே ஊர் கைவிடப்பட்டது. கன்யாக்காவில் பெரியதோர் ஆட்டுப்பண்ணையின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1852 இல் அதனை நிறுவிய இளைஞர் ஹியூ புரோபி, அதே ஆண்டிற் பெருமழையில் வில்லோக்கரா ஓடை திடீரெனப் பெருகியபோது மூழ்கி இறந்தார். நீரின்மையால் மக்கள் வெளியேறிய நாட்டில், அதன் முதற் குடியேறிகளுள் ஒருவர் வெள்ளத்தில் இறந்தார் என்பது அத்தம்பதியரை நெடுநேரம் பேசாதிருக்கச் செய்தது.

இவ்வீடுகள் வெறுமையானதன் வரலாறு ஒரு கோட்டின் வரலாறாகும். 1865 இற் கடும் வரட்சி நிலவியபோது, குடியேற்றத்தின் தலைமை நில அளவையாளராகிய ஜோர்ஜ் கொய்டர் குதிரைமீது நெடுந்தொலைவு சென்று, நம்பிப் பயிரிடத்தக்க நிலத்தையும் மழை பொய்க்கும் நிலத்தையும் பிரித்து ஓர் எல்லை வகுத்தார். நீண்டகால மழைப் பதிவேடுகள் அவரிடம் இருக்கவில்லை. அவர் செடிகளைப் படித்தார். 'மாலி' என்னும் குறு யூக்கலிப்டஸ் மரங்கள் அருகி, சாம்பல் நிற உப்புப் புதர்கள் தொடங்குமிடத்தில் நம்பத்தக்க மழை முடிகின்றதெனக் கண்டார். அவ்வெல்லை இன்றும் கொய்டர் கோடு என வழங்குகின்றது. குவோர்னுக்குத் தெற்கே செல்கின்றது.

1870 களில் மழை தொடர்ந்து நன்றாகப் பெய்தது. ஏர் செல்லுமிடத்துக்கு மழையும் பின்செல்லும் என்னும் கொள்கையைப் பலர் மெய்யென நம்பினர். கோட்டுக்கு அப்பாலும் நிலம் வேண்டுமென்ற கோரிக்கை வலுக்கவே, 1874 இல் அரசு தடையை நீக்கிற்று. உழவர் வடக்கே விரைந்தனர். 1878 இல் அளக்கப்பட்ட ஓர் ஊருக்கு 'மா' எனப் பொருள்படும் பரினா என்னும் இலத்தீன் பெயரையே சூட்டினர். அங்கே கோதுமை செழிக்கவேயில்லை. 1880 களின் தொடக்கத்தில் வரட்சி மீண்டது. கொய்டரை எள்ளியவர்கள் கடனோடு தெற்கே திரும்பினர். அவர்கள் சோம்பேறிகளல்லர்; மூடருமல்லர். நல்ல ஆண்டுகளை நிலத்தின் இயல்பெனக் கொண்டதே அவர்கள் பிழை.

கொய்டருக்கும் முன்னரே இந்நிலத்தைக் கற்றவர்கள் இருந்தனர். பயணத்தின் இறுதியில் தம்பதியர் கண்ட வில்பீனா என்னும் மலைவளையத்தை, அம்மலைகளுக்குரிய அத்னியமத்தன்ஹா மக்கள் இக்காரா என்பர். கூடுமிடம் என்பது பொருள். அவர்கள் சுனை இருக்குமிடம் அறிந்து, பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு வந்த குடியேற்றம் அவ்வறிவையும் கேட்டறியவில்லை. அம்மலைவளையத்துள்ளே கோதுமை விளைத்த குடும்பமொன்று, பள்ளத்தாக்கு வழியே தாம் வருந்தி அமைத்த பாதையை 1914 ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தபின் வெளியேறிற்று. மலைத்தொடரின் பெரும்பகுதியில் அத்னியமத்தன்ஹா மக்களின் பாரம்பரிய உரிமையை நீதிமன்றம் 2009 இல் ஏற்றது. 2016 இல் தேசிய பூங்காவின் பெயரிலும் இக்காரா சேர்ந்தது.

திரும்பும் வழியில் அவர்கள் விற்பனைப் பலகையருகே இறங்கினர். ஊதாப் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. அச்செடியைப் பிற மாநிலத்தவர் பற்றர்சனின் சாபம் என்பர். தென் அவுஸ்திரேலியரோ மீட்சி ஜேன் என்பர். ஒரே களைக்குச் சாபமென்றும் மீட்சியென்றும் பெயர். மனைவியார் குனிந்து பூக்களை விலக்கினார். கீழே சாம்பல் நிற உப்புப் புதர் படர்ந்திருந்தது. அவர் அதன் இலையொன்றைக் கிள்ளி நாவில் வைத்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நிலம் வாங்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

ஒலிவ மரங்கள் வரைந்த குறிப்பேட்டின் மறுபக்கத்தில் இன்று மழையளவுகள் எழுதப்படுகின்றன. முற்றத்தில் ஒரு மழைமானி உண்டு. பூச்சியம் என்று எழுதும் நாள்களே மிகுதி. கோடையில் தாங்கியைத் தட்டும்போது ஒலி மாறுமிடம் மிகக் கீழே இறங்கிவிட்டது. அவ்வாறு இறங்கியபின்பும் அவர்கள் நகருக்குத் திரும்ப எண்ணவில்லை. நல்ல ஆண்டில் ஒரு நாட்டை விரும்புதல் எவர்க்கும் எளிது. வரண்ட ஆண்டிலும் அங்கே இருக்க ஒருவர் ஒருப்படுவாராயின், அவர் குடியமரத் தொடங்கிவிட்டார் எனலாம்.