எதிர்க்கால் எடுத்து வைக்காத எறிதல்

முன்பள்ளிக் குழந்தைகளின் அசைவுத் திறனை மதிப்பிடுவதென்றால், பந்தைக் கொடுத்து எறியச் சொல்லி, அது விழுந்த தூரத்தை நாடாவால் அளந்து, ஆண், பெண் என இரு பத்திகளில் எழுதிவிடுவது என்றே இன்று பலர் எண்ணுகின்றனர். அந்த அளவை வைத்துப் பெண் குழந்தைகள் பின்தங்கியுள்ளனர் என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிடுகின்றனர். அசைவுத் திறன் பயிற்றும் இத்தொழிலை முறையாகப் பயின்றவர்களுக்கு இது பொறுக்கக்கூடியதாக இல்லை.

டேல் உல்ரிக் 1985-இல் வெளியிட்ட பெருந்தசை வளர்ச்சிச் சோதனை தூரத்தையோ நேரத்தையோ கணக்கில் கொள்வதில்லை. அசைவு எந்த வடிவில் நிகழ்கிறது என்பதையே பார்க்கிறது. அதன் மூன்றாம் பதிப்பில் ஓடுதல், நொண்டுதல் போன்ற 6 இடம்பெயர் திறன்களும், பிடித்தல், உதைத்தல், எறிதல் போன்ற 7 பந்துத் திறன்களும் உள்ளன. இடம்பெயர் திறன்களில் இப்பருவத்தில் வேறுபாடு சிறிதே. நொண்டுதலிலும் சமநிலையிலும் பெண் குழந்தைகள் முந்துவதும் உண்டு. அக்காமார் ஆடும் பாண்டியில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கப்பட்டு, கட்டத்துக்குக் கட்டம் நொண்டிப் பழகிய சிறுமி ஒற்றைக் காலில் உறுதியாக நிற்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சிக்கல் முழுவதும் எறிதலில்தான் இருக்கிறது. 64 ஆய்வுகளைத் தொகுத்து 1985-இல் எழுதிய ஜெரி தாமஸ், கேரன் பிரெஞ்ச் இருவரும், 3, 4 வயதிலேயே எறிதலில் ஆண் குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரைத் திட்டவிலக்கம் முந்தியிருப்பதைக் கண்டனர். திட்டவிலக்கம் என்பது ஒரு குழுவின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு. மற்றத் திறன்களின் வேறுபாட்டைப் பெரும்பாலும் சூழலால் விளக்கிய அவர்கள், எறிதலில் மட்டும் உடலியலுக்கும் பங்கு இருக்கலாம் என்று கருதினர். அக்கருத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு பயிற்சியைக் கைவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

முதிர்ந்த எறிதலில் கை கீழிறங்கிப் பின்சென்று எழும்; எறியாத கையின் பக்கம் எதிரே இலக்காக உள்ள சுவரை நோக்குமாறு இடுப்பும் தோளும் திரும்பும்; எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னே வரும்; பந்து விடுபட்ட பின்னும் கை உடலின் குறுக்காக மறுபக்க இடுப்பை நோக்கி இறங்கும். தொடக்கநிலைக் குழந்தையோ சுவரை நேராகப் பார்த்து நின்று முழங்கையை மட்டும் மடக்கி எறியும். காலை எடுத்து வைத்தாலும் எறியும் கையின் பக்கத்துக் காலையே வைக்கும். பெண்பிள்ளை எறிதல் என்று எள்ளப்படும் வடிவம் இதுவே. வலக்கைக்காரச் சிறுவனிடம் இடக்கையால் எறியச் சொன்னால், அதே வடிவம் அவனிடமும் தோன்றுவதை மைதானத்திலேயே பார்க்கலாம். பள்ளிவயதுக் குழந்தைகளிடம் கேத்லீன் வில்லியம்ஸ் முதலானோர் 1996-இல் செய்த ஆய்விலும், பழகிய கையில் தெரிந்த பால் வேறுபாடு பழகாத கையில் பெரிதும் மறைந்தது.

எதிர்க்காலைக் கொண்டுவருவதுதான் இத்தொழிலின் தீராத சோதனை. "இடது காலை வை" என்று கட்டளையிட்டால் குழந்தை காலை வைத்து நின்றுவிட்டுப் பிறகு தனியே கையை வீசும். காலும் கையும் இணைவதில்லை. தொலைவில் பெரிய சுவரைக் காட்டி, முழு வலிமையுடன் ஓங்கி எறியச் சொல்லும்போதே, அந்த விசைக்காக உடல் தானாகத் திரும்பவும் கால் முன்னே வரவும் தொடங்குகின்றன. இதை அறியாத இளம் பயிற்றுநர்கள் இரண்டடி தூரத்தில் கூடையை வைத்து மெல்லப் போடச் சொல்கின்றனர். குறி பார்க்கும் கவனம் விசையை அடக்க, உடல் திரும்பத் தேவையே எழாததால், தொடக்கநிலை வடிவமே ஆண்டு முழுவதும் உறுதிப்படுகிறது. அழகாகப் படமெடுக்க அந்தக் கூடை உதவும், எறிதலுக்கு உதவாது.

ஓங்கி எறிய இடமும், சிதறும் பந்துகளைப் பொறுக்கப் பொறுமையும் வேண்டும் என்பதால் பல முன்பள்ளிகள் இதை விரும்புவதில்லை. மதிப்பீட்டுப் படிவங்களில் குழந்தையின் பாலினத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டில் அதன் கையில் யாராவது பந்தைக் கொடுத்ததுண்டா என்று கேட்கும் கட்டத்தைச் சேர்க்க எவரும் முன்வரவில்லை.