முறுக்குக் கம்பியும் ஒற்றைச் சுருளும்

பெருமுக்கல் பக்கம் காயில் என்றாலே முதலில் மோட்டார்தான். போர் மோட்டார் எரிந்தால் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி வாங்கி வருவதும் சாகுபடிச் செலவில் சேர்ந்த ஒன்று. அடுத்தது கரண்ட் அடுப்பின் ஹீட்டர் காயில். இப்போது மூன்றாவதாக ஒன்று, பையன்களின் செல்போன் வழியே வந்து சேர்ந்திருக்கிறது: வேப் என்னும் மின் சிகரெட் கருவிக்குள் வைக்கும் நகம் அளவுச் சுருள். கழற்றி நாமே திரும்பக் கட்டிக்கொள்ளும் ஆட்டமைசர்களில் (திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் பாகம்) ஒற்றைக் கம்பியைச் சுற்றுவதா, இரண்டு கம்பியை முறுக்கிச் சுற்றுவதா என்று அவர்களுக்குள் வாதம். கம்பியைப் பற்றிய அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்க வைத்த கருவி நல்லதல்ல.

*

கருவியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலேயே மின் சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. மத்திய அரசின் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18இல் வந்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பனைக்குச் சரக்கை இருப்பு வைத்தாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு. நம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் உள்ள சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். விமானம் ஏறும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

சட்டத்தை விட என்னை உறுத்துவது வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல், பயனாளர்கள் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயமும் நிக்கலும் குரோமியமும், சூடான சுருளைத் தொட்டு வந்த புகையில் கூடியிருந்தன. சுருளின் உலோகம் மூச்சில் போகிறது என்பதுதான் இதற்குப் பொருள். அடுப்புக் காயிலின் மேல் நாம் பாத்திரம் வைக்கிறோம், மூக்கை வைப்பதில்லை.

*

இனி கம்பி.

சூடு தரும் கம்பிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று நிக்ரோம்: நிக்கல் எண்பது பங்கு, குரோமியம் இருபது பங்கு. அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றது. அதற்கு முன்பு, சிவக்கச் சிவக்கக் காய்ந்தும் காற்றில் அரித்துப் போகாத மலிவான கம்பி கிடையாது. இன்னொன்று கந்தால்: இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த சுவீடன் கலவை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள நிக்ரோம் ஏறக்குறைய 1.09 ஓம் காட்டும். கந்தால் 1.45 ஓம் காட்டும்.

*

பையன்களில் ஒருவன் கேட்டான்: “அண்ணே, முறுக்குனா சூடு அதிகமா வருமாமே?”

முறுக்கு சூட்டை உண்டாக்காது. கணக்குப் போட்டுக் காட்டினேன். 0.32 மில்லிமீட்டர் கந்தால் கம்பி 10 சென்டிமீட்டர் எடுத்தால் 1.8 ஓம். 3.7 வோல்ட் பேட்டரியில் 2 ஆம்பியர் ஓடும், 7.6 வாட் வரும். அதே நீளத்தில் இரண்டு கம்பியை முறுக்கினால் 0.9 ஓம், 4.1 ஆம்பியர், 15 வாட். இரண்டு மடங்கு சூடு வந்ததுபோலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் கிடைப்பது பழைய 7.6 வாட்தான். பக்கத்தில் இன்னொன்று இருப்பது அதற்குத் தெரியாது. முறுக்காமல் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்திருந்தாலும் இதே கணக்குதான். கூடியது பேட்டரியின் சுமை. சின்ன லித்தியம் பேட்டரியை அதன் அளவுக்கு மேல் கறந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

சரி, ஓமை மாற்றாமல் பார்ப்போம் என்றான். அது இன்னும் நல்ல கேள்வி. முறுக்கிய ஜோடி பழைய 1.8 ஓம் காட்ட வேண்டுமானால் நீளம் இரண்டு மடங்கு வேண்டும். கம்பியும் இரண்டு, ஆக உலோகம் நான்கு மடங்கு. அதே 7.6 வாட் அந்த நான்கு மடங்கைச் சூடேற்றியாக வேண்டும். மெதுவாகத்தான் காயும், மெதுவாகத்தான் ஆறும். ஒற்றைச் சுருள் சட்டென்று சிவந்து சட்டென்று அணைவதன் காரணம் இதுதான்.

முறுக்குக்கு உண்மையிலேயே ஒரு லாபம் உண்டு, அது பரப்பில். 0.32 கம்பி இரண்டுக்கு ஈடான ஒற்றைக் கம்பி 0.45 மில்லிமீட்டர். ஓமும் ஒன்று, எடையும் ஒன்று. வெளிப்பரப்பு மட்டும் ஜோடியில் சுமார் 1.4 மடங்கு. உள்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தைக் கழிக்க வேண்டும். முறுக்கின் பள்ளங்களில் திரவமும் கொஞ்சம் தங்கும். ஆட்டமைசர்காரர்கள் முறுக்கை விரும்புவது இதற்காகத்தான். எனக்கு அதில் குறையாகப் படுவதும் இதே பரப்புதான்: திரவம் தொடும் சூடான உலோகம் கூடுகிறது.

*

அடுப்புக்கு ஒற்றைச் சுருளே சரி. 1000 வாட் அடுப்புக்கு 53 ஓம் வேண்டும். 24ஆம் கேஜ் நிக்ரோமில் அது ஏறக்குறைய 12 மீட்டர். அறுந்துபோனால் இரண்டு முனையையும் கொக்கிபோல் மாட்டித் திரும்பப் போடுகிறோம்; எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதில் இரண்டு கேடு. அறுந்த துண்டில் இரண்டு மீட்டர் போய்விட்டால் அடுப்பு ஏறக்குறைய 1200 வாட் எடுக்கும், மிச்சமிருக்கும் ஒவ்வொரு அங்குலமும் முன்னைவிட 1.44 மடங்கு காயும். இரண்டாவது, நிக்ரோமைக் காப்பாற்றும் ஆக்சைடு படலமே மாட்டிய இடத்தில் மின்சாரத்தைத் தடுக்கும். அதனால் திரும்ப அறுவது பெரும்பாலும் அதே கொக்கியில்தான். புதுக் காயில் வாங்கிவிடுவதே நல்லது.

அதே நிக்ரோமில் முறுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு: முனை. தொழிற்சாலைச் சூளைகளில் கம்பியின் கடைசிப் பகுதியை மடித்து, இரட்டையாக்கி, இறுக முறுக்கி வெளியே எடுப்பார்கள். அந்த இடத்தில் ஓம் பாதியாகும், சூடும் பாதியாகும். முனையைப் பிடிக்கும் ஸ்குரூ காயாது, கருகாது. இங்கே முறுக்கின் வேலை சூட்டைக் குறைப்பது. பையன்கள் நினைத்திருந்ததற்கு நேர் எதிர்.

*

மோட்டார் காயில் கட்டும் வைண்டிங் கடையில் சூடுதான் எதிரி. ஸ்டேட்டர் ஸ்லாட்டுக்குள் தாமிரம் காயக் கூடாது. தடித்த கம்பி வளைய மறுத்தால் மெல்லிய கம்பி இரண்டைச் சேர்த்துக் கட்டுவார்கள். 17ஆம் கேஜ் ஒன்றுக்கு 19ஆம் கேஜ் இரண்டு அநேகமாகச் சரியாக இருக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக விடுவார்களே தவிர முறுக்க மாட்டார்கள். முறுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஸ்லாட்டில் இடம் அடைக்கும், எனாமலும் உரசிப் போகும். படிப்பில்லாமல் கைப்பழக்கத்தில் கட்டுகிறவர்கள்கூட இதைத் தவறுவதில்லை.

வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் அடுப்புக் காயிலும் மோட்டார் காயிலும் இரண்டு விதமாக நடக்கின்றன. 230க்குப் பதில் 180 வந்தால் அடுப்பு 61 சதவீதம் மட்டுமே காயும், சோறு தாமதமாகும், அவ்வளவுதான். மோட்டாரோ தண்ணீரை ஏற்றியாக வேண்டுமே என்று கூடுதல் ஆம்பியர் இழுத்து எரிந்துபோகும். 

*

முறுக்கு இல்லாமல் முடியவே முடியாத காயில் நம் சமையலறைக்கே வந்துவிட்டது: இண்டக்‌ஷன் அடுப்பு. கண்ணாடிக்கு அடியில் படுத்திருக்கும் அந்தத் தட்டைச் சுருளில், தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கியிருக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. தாமிரத்தில் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை தாராளமாக ஓடும். இண்டக்‌ஷனில் அது நொடிக்கு 25,000 முறை போலப் போய்வரும்போது 0.4 மில்லிமீட்டர் தோலில் மட்டுமே ஓடும். தடித்த கம்பி போட்டால் நடுப்பகுதி வீண். முறுக்கினால் ஒவ்வொரு மெல்லிய கம்பிக்கும் உள்ளேயும் வெளியேயும் முறைவைத்து இடம் கிடைக்கிறது, மின்சாரம் சமமாகப் பிரிகிறது. சூடு பாத்திரத்தில்தான் வர வேண்டும்; சுருள் தானே அதிகம் காயாமல் இருப்பதற்குத்தான் இந்த முறுக்கு. பையன்கள் கழற்றிப் பார்க்க வேண்டிய பொருள் பழுதாகிப் போட்ட ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம் இறங்கும் வரை பொறுத்திருந்து.

*

கடைசியாக, காயிலின் ஓமை அளப்பது பற்றி. கடையில் விற்கும் மலிவான மல்டிமீட்டரின் ஒயர்களே அரை ஓம் வரை காட்டும். 53 ஓம் அடுப்புக் காயிலுக்கு அது பொருட்டில்லை. மோட்டாரின் மூன்று பேஸும் ஒரே அளவா என்று பார்க்கும்போது அதுவே பெரிய பிழை. இரண்டு முள்ளையும் முதலில் ஒன்றாகத் தொட்டு, வரும் எண்ணைக் குறித்து, கழித்துக்கொள்ள வேண்டும். கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாமல் முள் வைத்தால் எதுவும் வராது.