"சேர், யானை பழி வாங்குமா?"

போன கிழமை எங்கள் தரம் 8 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. அவனுடைய வாப்பா வட்டையில் இராக்காவல். வேளாண்மை முற்றி அறுவடைக்கு நிற்கிறது. வாப்பா வாடியிலிருந்து வீடு வந்து சேரும்வரை உம்மாவும் பிள்ளைகளும் நித்திரை கொள்வதில்லையாம். பிள்ளையின் கண் அப்படித்தான் சிவந்திருந்தது.

"ஓம், யானை மறக்காது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்துவது இலகு. ஊரில் எல்லோரும் சொல்வதும் அதுதான். நாங்கள் அன்று உடனே பதில் சொல்லாமல் விட்டோம். அதற்குக் காரணம் பல வருடத்துக்கு முந்திய சில வியாழக்கிழமைகள்.

ஆசிரிய கலாசாலையில் விஞ்ஞானப் பயிலுனர்களாக இருந்த காலம். கூட்டாளி ஒருவரின் காக்கா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அங்கே கிழமைக்கு ஒருதரம் ஆறேழு மாணவர்களும் ஓர் இளம் விரிவுரையாளரும் கூடுவார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத கூட்டம், புள்ளியும் கிடையாது. பல்லி, தவளை, காகம், குரங்கு, யானை என்று முள்ளந்தண்டுள்ள விலங்குகள் என்ன செய்கின்றன, ஏன் செய்கின்றன என்பது மட்டும்தான் பேச்சு. பிளேன்டியும் பிஸ்கட்டும் உண்டு. நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போய் வாசலோரம் உட்காருவோம். (காகத்தைப் பற்றிப் பேச எங்களைக் காக்காதான் கூட்டிப் போனார் என்று கூட்டாளி இன்றும் பகிடி விடுவார்.)

அங்கே ஒரேயொரு சட்டம். கண்டதை முதலில் சொல்ல வேண்டும், காரணம் பிறகு. முதல் நாளே மாட்டிக்கொண்டோம். "விடுதிக் காகம் கோபத்தில் தலையில் கொத்துகிறது" என்றோம். "கோபத்தைக் கண்டீர்களா, கொத்தியதைக் கண்டீர்களா?" என்று கேட்டார்கள். திரும்பி வந்து ஒரு கிழமை பார்த்தோம். குஞ்சு இருந்த மரத்தடியில் போனால்தான் கொத்தியது. இரண்டு மரம் தள்ளி நின்றால் பேசாமல் இருந்தது.

1973இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன் என்ற விலங்கியலாளரை அங்கேதான் அறிந்தோம். ஒரு நடத்தையைப் பார்த்தால் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று 1963இல் எழுதியவர். அதை இப்போது தூண்டுவது எது, அது உயிர் பிழைக்க எப்படி உதவுகிறது, வளரும்போது எப்படி உருவாகிறது, பரம்பரை பரம்பரையாக எப்படி வந்தது.

யானை பற்றிய மாலை மட்டும் சுமுகமாக முடியவில்லை. ஆண் யானைகள் பத்துப் பதினைந்து வயதளவில் தாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிவதும், பயிருக்குள் இறங்குபவை பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆண்கள் என்பதும் பேசப்பட்டது. 2012இல் வெளிவந்த இலங்கை ஆய்வு ஒன்றையும் விரிவுரையாளர் சொன்னார். பிடித்து வேறு காட்டில் விடப்பட்ட 12 ஆண் யானைகளின் கழுத்தில் கருவி பூட்டிக் கவனித்திருக்கிறார்கள். சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பிவிட்டன, சில ஊர் ஊராக அலைந்தன, சில விட்ட பக்கத்திலேயே தங்கின. பிரச்சினை குறையவில்லை, பரவியது.

அப்போது வேளாண்மைக் குடும்பத்து மாணவர் ஒருவர் எழும்பினார். "யானைக்கு நாலு கேள்வி. எங்கட வாப்பாக்கு ஒரு கேள்விதான். இண்டைக்கு ராவைக்கு என்ன செய்யிற?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டது சரி. 2019இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் போய்விட்டார்கள்.

அடுத்த வியாழன் கூட்டம் அவருடைய வாப்பாவின் வாடியில் நடந்தது. இரவு ஒரு மணிபோல ஒற்றை யானை வந்தது. யானை வெடி போட்டதும் ஒதுங்கியது, பிறகும் வந்தது. நாங்கள் கண்டது என்னவென்றால், அது காட்டுப் பக்கமிருந்து வரவில்லை, குப்பைமேட்டுப் பக்கமிருந்து வந்தது. விடிந்து வரம்பில் கிடந்த இலத்தியைத் தடியால் கிளறினால் சொப்பிங் பேக், சோறு கட்டும் லஞ்ச் ஷீட். நாங்கள் சாப்பிட்டு எறிவதும் அதேதான். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று யானைகள் செத்தது பிறகு உலகச் செய்தியானபோது, எங்களுக்கு அந்த வரம்புதான் ஞாபகம் வந்தது.

அன்று போன மூவரில் இருவர் இன்று ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். இரண்டு நாள் யோசித்துத்தான் பிள்ளைக்குப் பதில் சொன்னோம். கென்யாவில் யானைகளிடம் மசாய் இனத்தவர் உடுத்த துணியையும் வேறு இனத்தவர் உடுத்த துணியையும் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். தங்களை ஈட்டியால் குத்தும் மசாய் இளைஞரின் வாடையென்றால் கூடுதல் வேகத்தில், கூடுதல் தூரம் ஓடின. அந்த ஆய்வு 2007இல் வந்தது. ஆகவே யார் அடித்தது, எங்கே சாப்பாடு கிடைத்தது என்ற நினைவு அதற்கு உண்டு. அதைப் பழி என்று பெயர் வைக்கிறது நாங்கள்தான். "உங்கட வாப்பா ராவைக்கு என்னத்தைக் கண்டார் எண்டு எழுதிக்கொண்டு வாங்க" என்று ஒரு கொப்பி கொடுத்தோம்.

நேற்று கொண்டு வந்தான். வந்த நேரம், வந்த திசை, தனியாகவா கூட்டமாகவா, இலத்தியில் என்ன இருந்தது எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கிறான். மூன்று இரவில் இரண்டு இரவு குப்பைமேட்டுப் பக்கம்.

குப்பைமேட்டைச் சுற்றி வேலி கேட்டுப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறோம். மூன்று இரவுக் கணக்கு அதற்குக் காணாது. இராக்காவலுக்குப் போகும் வாப்பாமார், காக்காமார் யாராவது இதை வாசித்தால், இன்னும் பதினொரு கொப்பி பாடசாலையில் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், கொடுத்து அனுப்புகிறோம்.