பெனோ ஐயாவின் வாலுக்கு நன்றி

மதிப்பிற்குரிய அல்ஃபோன்ஸ் பெனோ ஐயா,

1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் நீங்கள் பறக்கவிட்ட 'பிளானோஃபோர்' என்ற ரப்பர் முறுக்கு மாதிரி விமானம் 11 வினாடி காற்றில் இருந்தது. சுமார் 40 மீட்டர் போனது. எடை வெறும் 16 கிராம். உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரப்பரைத்தான் புகழ்கிறார்கள். ரப்பரை இழுத்துக் கட்டினால் அதைத் தாங்கும் சட்டம் கனத்துவிடும், முறுக்கிவிட்டால் மெல்லிய குச்சியே போதும் என்று கண்டது பெரிய காரியம்தான். ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது வாலுக்கு.

மாதிரி விமானம் கையை விட்டுப் போனதும் செய்தவன் வெறும் பார்வையாளன். உள்ளே ஓட்ட ஆள் கிடையாது. அந்த ஆளின் வேலையை நீங்கள் வாலிடம் கொடுத்தீர்கள். இறக்கையைவிட வாலின் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி வைத்தீர்கள். மூக்கு கவிழ்ந்தால் வேகம் கூடும். கூடிய காற்று வாலை அழுத்த, மூக்கு தானே நிமிரும். பக்கவாட்டில் சாய்ந்தால் திருத்த, இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்தீர்கள்.

இந்த ஏற்பாட்டை நம்பித்தான் பால்சா மரத்தைத் தராசில் நிறுத்து, பொறுக்கி, பிளேடால் சீவுகிறோம். தொட்டித் தண்ணீரில் லேக்கர் கரைசலை விட்டால் அது பரவிப் படலமாகும். அதைக் கம்பி வளையத்தால் தூக்கி இறக்கைச் சட்டத்தில் போர்த்துவது பழைய முறை. தும்மினால் போச்சு! இப்போது மெல்லிய பிளாஸ்டிக் படலம் வந்துவிட்டது. பழைய படலத்தின் வானவில் நிறம்தான் இதில் இல்லை. உள்ளரங்கப் போட்டிகளில் 55 சென்டிமீட்டர் இறக்கையுள்ள விமானம் ரப்பர் நீங்கலாக 1.4 கிராம் இருந்தால் போதும். எங்கள் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி எடைகூட இல்லை. அசையாத காற்றைத் தேடி ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பறக்கவிடுகிறார்கள். பறக்க ஆசைப்பட்டுப் பூமிக்குள் போகும் இந்தக் கூத்தை நீங்கள் ரசித்திருப்பீர்கள்.

1876இல் ஆள் ஏறிப் பறக்கும் விமானத்துக்கே காப்புரிமை வாங்கினீர்கள். பணம் போட ஒருவரும் வரவில்லை. 1880இல், முப்பது வயதில், வரைபடங்களைச் சிறு சவப்பெட்டியில் வைத்து வான்கப்பல் பொறியாளர் ஜிஃபாரின் வீட்டில் கொடுத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டீர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் மேல் கோபம்கூட வருகிறது.

நீங்கள் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, அமெரிக்காவில் ஒரு தகப்பனார் உங்கள் பாணியில் செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையைப் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். வில்பரும் ஆர்வில்லும் அதை உடையும்வரை விளையாடினார்கள். பிறகு தாங்களே செய்துகொண்டார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்ததாம். ரைட் சகோதரர்களுக்கு அந்தக் குடைச்சலைக் கொடுத்ததற்கும் சேர்த்து என் நன்றி.

இப்படிக்கு,
ரப்பர் முறுக்கும் ஒருவன்