அரைமணி ஓய்வு

சென்ற விடுமுறையில், புதிதாக லாரி ஓட்டத் தொடங்கியிருந்த என் அண்ணனோடு பூம்பாறை சென்றேன். இரவெல்லாம் கேரட் மூட்டைகளை ஏற்றிவிட்டு, விடியலில் வத்தலக்குண்டு நோக்கி இறங்கினோம். பெருமாள்மலையைத் தாண்டியதும் வண்டி தடுப்புச்சுவரை உரசி நின்றது.

“கண்ணு சொக்கிருச்சுடா” என்றார். கைகள் நடுங்கின.

“தூங்கலையாண்ணே?”

“ராத்திரி வண்டி ஓட்டலையே, லோடுதானே ஏத்துனேன்!”

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைக்கு வரம்பிட்டது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் உழைக்குமுன் அரைமணி ஓய்வு தரச் சொன்னது. வண்டியோட்டுவது மட்டுமன்று, அதைச் சார்ந்த பிற வேலைகளும் அக்கணக்கில் அடங்கும். அண்ணன் அறியாதது அதுவே.

அவரை உறங்கச் செய்து காவலிருந்தேன். சந்தைக்கு நேரம் தவறியது; ஏச்சும் கிடைத்தது. அம்மாவுக்குப் பிள்ளைகள் இருவரும் கிடைத்தோம்.