38/20: தனுஷ்கோடிச் சுவரில் ஒரு பழைய லென்ஸ்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் மர அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு 40 வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க லென்ஸ்களுக்கு அவர் காட்டும் வெயில் அது. ஹீலியோஸ் 44-2 ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஜெனிட் கேமராக்களுக்கென்று சோவியத் நாட்டில் செய்தது, 58 மி.மீ., எஃப் 2. கூடவே நாலாக மடித்த பழுப்புத் தாள் ஒன்று.

"இது அதோட பாஸ்போர்ட்டு தம்பி. தொலைச்சுறாதீங்க."

தாள் முழுக்க ரஷ்ய எழுத்து. எனக்குப் புரிந்தவை இரண்டு எண்கள்தான்: 38, 20. படத்தின் நடுவில் மில்லிமீட்டருக்கு 38 கோடுகளையும், ஓரத்தில் 20 கோடுகளையும் இந்த லென்ஸ் பிரித்துக் காட்டும் என்று பொருள். ஒரு கருப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு கோடு. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று ஒதுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது கண்ணால் பார்க்க எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. லென்ஸையும் தாளையும் இரவல் வாங்கிக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் தனுஷ்கோடிக்குக் கிளம்பினேன்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரில் மிஞ்சி நிற்கும் சர்ச்சின் சுவர்தான் என் சோதனை அட்டை. முருகைக்கல் சுவர். கல் முழுக்கத் துளைகள்: ஊசி நுழையும் அளவு முதல் விரல் நுழையும் அளவு வரை. முக்காலியை நிறுத்தி, சுவரிலிருந்து 5.8 மீட்டர் நாடா பிடித்து அளந்தேன். லென்ஸின் குவியத் தூரத்தைப்போல நூறு மடங்கு அது. அந்தத் தூரத்தில் சுவரில் உள்ளது ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகப் படத்தில் விழும், 36 மி.மீ. படத்துக்குள் 3.6 மீட்டர் சுவர் அடங்கிவிடும். இனி கணக்கு எளிது. நடுவில் 38 என்றால், கல்லில் கருப்பும் வெள்ளையும் சேர்ந்து 2.6 மி.மீ. அளவுள்ள நுணுக்கம் வரை தெரிய வேண்டும். ஓரத்தில் 20 என்றால் 5 மி.மீ. கடுகும் மிளகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எஃப் 2-இல் எடுத்தேன். கேமரா 24 மெகாபிக்சல் முழுச்சட்டம். திரையில் பெருக்கிப் பார்த்தபோது, நடுவில் 2 மி.மீ.க்கு ஒன்றாக நெருங்கியிருந்த துளைகள்கூடத் தெரிந்தன, ஆனால் வெளுத்துப்போய், சுண்ணாம்பு பூசியதுபோல. எஃப் 5.6-க்கு மூடியதும் அதே துளைகள் கருப்பாக, விளிம்பு வெட்டியதுபோல நின்றன.

தாளில் உள்ளதைவிட அதிகமாகவே லென்ஸ் காட்டுகிறது. காரணம், இந்த 38 படச்சுருளில் எடுத்து அளந்த எண். லென்ஸின் பிரிதிறனும் படச்சுருளின் பிரிதிறனும் சேர்ந்துதான் அந்த எண் கிடைக்கும்; தோராயமாக இரண்டின் தலைகீழ்களையும் கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு, லென்ஸ் 100, படச்சுருள் 60 என்றால் சேர்ந்து வருவது 37.5. படச்சுருள் போட்ட முட்டுக்கட்டையைத்தான் இத்தனை நாளும் லென்ஸின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். இன்னொன்று, எத்தனை கோடு தெரிகிறது என்ற கேள்வி, எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதைக் கேட்பதில்லை. எஃப் 2-இல் வெளுத்துத் தெரிந்த துளையும் அந்த எண்ணிக்கையில் தேறிவிடும்.

எம்டிஎஃப் வரைகோடு வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். மி.மீ.க்கு 10, 20, 40 கோடுகளில் ஒவ்வொன்றிலும் கான்ட்ராஸ்ட் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று நடுவிலிருந்து ஓரம் வரை அது வரைந்து காட்டும். ட்சைஸ் நிறுவனத்தின் ஹூபர்ட் நாஸே இதைப் படிக்கும் முறையை விளக்கி 2008-இல் எழுதிய கட்டுரையை, பழைய லென்ஸில் ஆசையுள்ள எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஏன் இரண்டு கோடுகள் போடுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் விளங்காத ஒன்று. இந்தச் சுவர் அதை விளக்கிவிட்டது. எஃப் 2 படத்தின் வலது ஓரத்தில், கற்களுக்கு இடையே கிடையாக ஓடும் சாந்துப் பூச்சு தெளிவாக இருந்தது. செங்குத்துப் பூச்சு கரைந்திருந்தது. ஒரே கல், ஒரே வெளிச்சம். படத்தின் மையத்தை நோக்கி ஓடும் கோடுகளை லென்ஸ் ஒருவிதமாகவும், அதற்குக் குறுக்கே ஓடும் கோடுகளை வேறுவிதமாகவும் வரைகிறது. வரைபடத்தில் தொடர்கோடும் விட்டுவிட்டு ஓடும் கோடும் பிரிந்து போவது இதைத்தான் சொல்கிறது. ஃபோகஸ் வளையத்தைச் சற்றே திருப்பினேன். ஓரத்துச் செங்குத்துக் கோடுகள் எழுந்துவந்தன, நடு மங்கியது. தட்டையான அட்டையில் இந்த லென்ஸுக்கு மதிப்பெண் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினொரு மணிக்கு மேல் அளவெடுப்பதில் அர்த்தமில்லை. அரிச்சல்முனைச் சாலையில் தொலைவில் இருந்த தூணைக் குறிவைத்துப் பத்துப் படங்கள் எடுத்தேன். பத்திலும் தூண் பத்து விதமாக நெளிந்தது. சூடேறிய மணலுக்கு மேல் கானல். எந்த லென்ஸைப் போட்டாலும் இதே கதைதான்.

மாலை நான்கு மணிக்கு மேற்கே திரும்பி, இங்குள்ளவர்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் வெயிலுக்கு எதிரே நின்றேன். தண்ணீரெல்லாம் தகதகவென்றிருந்தது. படத்தில் கருப்பு என்பதே இல்லை. வள்ளங்களின் நிழல்கூடச் சாம்பல். ஹீலியோஸில் ஆறு கண்ணாடிகள் நான்கு குழுக்களாக இருக்கின்றன. காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. கோட்டிங் இல்லாத பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எட்டுப் பரப்பில் 28 சதவீதம் போய்விடும். அதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தின் மேல் திரையாக விழும். 1935-இல் ட்சைஸில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த கோட்டிங் இதைப் பெருமளவு குறைத்தது. ஆனாலும் ஹீலியோஸ் 44-2-இல் ஒற்றைப் பூச்சுதான். பாஸ்போர்ட்டில் இந்த வெளிச்சத் திரைக்கு எண் கிடையாது. எம்டிஎஃப் படத்திலும் கிடையாது. கடற்கரையில் படம் எடுக்கிறவனுக்கு 38, 20 என்ற இரண்டையும்விட இதுதான் பெரிய விஷயம். தொப்பியைக் கழற்றி லென்ஸுக்கு நிழல் பிடித்தேன். வள்ளத்தின் கருப்பு கொஞ்சம் திரும்பி வந்தது.

இரவு எட்டரைக்கு ராமநாதபுரத்தில் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, பெரியவர் முதலில் முன்கண்ணாடியைத் தொடவே இல்லை. ரப்பர் பந்தால் ஊதினார். "உப்பு ஒட்டியிருக்கும். ஊதாம தொடைச்சா கண்ணாடி கீறிரும்." பிறகு பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, என்னை முன்பக்கமாகப் பார்க்கச் சொன்னார். உள்கண்ணாடியின் விளிம்பை ஒட்டிச் சிலந்தி நூல்போல ஒரு வெள்ளைப் படர்வு.

"பல்பு இருந்தும் வந்திருச்சு தம்பி. ரெண்டு மழைக்காலம் கரண்ட் சரியா இல்ல."

காலையில் எஃப் 2-இல் பார்த்த வெளுப்பு நினைவுக்கு வந்தது. முழுக்கத் திறந்தால் இந்த விளிம்பு வழியாகவும் வெளிச்சம் வரும், எஃப் 5.6-க்கு மூடினால் அப்பர்ச்சர் இதழ்கள் அதை மறைத்துவிடும். அந்தச் சுண்ணாம்பு வெளுப்பில் வடிவமைப்பின் பங்கு எவ்வளவு, இந்தப் பூஞ்சையின் பங்கு எவ்வளவு? என் படங்களை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. தாளில் எழுதிய எண் ஆலையிலிருந்து வெளிவந்த அன்றைய லென்ஸுக்கு உரியது.

பெரியவர் லென்ஸை மேசைமேல் கவிழ்த்து, பின்வளையத்தின் திருகைத் தளர்த்தத் தொடங்கினார். "தொடைச்சு வைக்கிறேன். அதே செவுத்துல, அதே தூரத்துல இன்னொரு தடவ எடுத்துட்டு வாங்க."